பகுதி இரண்டு ஆங்கிலமும் ஒரு ஜீப் கடன் பத்திரமும்



பின்னால் தட்டியில் என் ஆசிரியரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. நான் அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எங்களுக்குச் ‘சார்’ என்றால் அவர் ஒருவர்தான். அவர் பெயரிலான இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவைக் கல்லூரி அரங்கில் வைக்காமல் அவர் பிறந்த சுருளிப்பட்டியிலேயே வைக்க வேண்டும் என்று குடும்பத்தார் முடிவு செய்தது எனக்கு ஒருவகையில் நெருக்கடி. கல்லூரியில் பேசினால் புரியாத சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். திராட்சைப் பந்தலுக்குக் கீழே குலை வெட்டிவிட்டு நேரே இங்கு வந்து உட்கார்ந்திருப்பவர் முன்னால் அந்த வசதி கிடையாது.

அதனால் விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பி.ஏ., பி.எஸ்ஸி. எது படித்தாலும் பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம். பெரும்பாலும் நான்கு பருவம். இந்தப் பகுதி இரண்டைத் ‘திறன் அடிப்படையில்’ மாற்றியாயிற்று என்கிறார்கள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்பது பழைய முறை. தெரிந்ததை வைத்து அவனால் என்ன செய்ய முடியும் என்று கேட்பது புதிய முறை. கேள்வி நல்ல கேள்வி. அதை யார் கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்தவன். வேதியியல் தேறிவிட்டான், பகுதி இரண்டில் மட்டும் மூன்று அரியர். ஒரு செய்யுளின் கருத்தைத் தொகுத்து எழுதச் சொன்னால் நான்கு வரியோடு நின்றுவிடுவான், அந்த நான்கிலும் வினைச்சொல் இருக்காது. சில வருஷம் கழித்துக் குமுளியில் பார்த்தேன். தேக்கடிக்கு வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு வெளிநாட்டுத் தம்பதியை ஏலத்தோட்டத்து ஓரத்தில் நிறுத்தி, செடியின் அடித்தண்டில் காய் எப்படிப் பிடிக்கிறது, ஏன் மண்ணோடு ஒட்டித் தொங்குகிறது, காயவைத்தால் எடை எவ்வளவு குறையும் என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தான். இலக்கணம் நொண்டியது, விளக்கம் நொண்டவில்லை. அந்த அம்மாள் குறுக்குக் கேள்வி கேட்டார், அதற்கும் பதில் சொன்னான். நான் சற்றுத் தள்ளி நின்று கேட்டேன். இவனுக்கு மூன்று முறை பூஜ்யத்துக்குப் பக்கமாக மதிப்பெண் போட்டவர்களில் நானும் ஒருவன்.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் மொழிக்குப் பஞ்சம் கிடையாது. கன்னடமோ தெலுங்கோ வீட்டுப்பேச்சாக இருக்கிற குடும்பங்கள் கம்பத்திலிருந்து போடி வரை உண்டு. விடியுமுன் ஜீப்பில் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் மலையாளத்தில் கூலி பேசித் தமிழில் வீடு திரும்புகிறார்கள். இவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தை ‘இரண்டாம் மொழி’ என்று பல்கலைக்கழகம் பெயர் வைத்திருக்கிறது. பல வீடுகளில் அது நான்காவது. மூன்று மொழியைப் புத்தகம் இல்லாமல் பிடித்தவன் நான்காவதை மட்டும் புத்தகத்தோடு பிடிக்க முடியாமல் திணறுகிறான் என்றால், கோளாறு பிள்ளையிடம் இல்லை.

பாடத்திட்டம் மாறுவது புதிதல்ல. 1952-ல் அன்றைய சென்னை மாநிலத்தில் வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் முறை வந்தது. அதைக் கற்பிக்க 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி என்று அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஓர் இயக்கம் நடந்தது. கொஞ்சம் பேருக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்பது ஏற்பாடு. பனி உருண்டை உருள உருளப் பெருக்குமே, அதன் பெயரால் அதை அழைத்தார்கள். சென்னை வெயிலில் பனி உருண்டை! 2008 வாக்கில் நம் பல்கலைக்கழகங்களில் விருப்பத்தேர்வுத் தரப்புள்ளி முறை. 2020-21-ல் தொழில்சார் ஆங்கிலம்: அறிவியலுக்கு இரண்டு வகை, வணிகத்துக்கு ஒன்று, கலைப் பாடங்களுக்கு ஒன்று. கொரோனா ஆண்டில், பிள்ளைகளை நேரில் பார்க்காமலே அதைத் தொடங்கினோம். 2022 மார்ச்சில் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் திட்டம். 2023-ல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் பொதுப் பாடத்திட்டம்; தன்னாட்சிக் கல்லூரிகள் அதை எதிர்த்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒவ்வொரு முறையும் புத்தகத்தின் அட்டை மாறியது, முன்னுரை மாறியது. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது என்ன நடக்கிறது என்றால், கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்வி ஓரத்திலும் கே1, கே2 என்று கே6 வரை குறி போடுகிறோம். நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல் என்று படைத்தல் வரை ஆறு படி. அமெரிக்காவில் பெஞ்சமின் புளூம் என்பவர் குழு 1956-ல் வகுத்த படிநிலை, பின்னால் திருத்தப்பட்டது. அதே 1956-ல்தான் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி தொடங்கி, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்பது பஸ் எட்டும் தூரத்துக்கு வந்தது. புளூம் இங்கு வந்துசேரத்தான் அறுபது வருஷம் ஆயிற்று. வந்தவர் வகுப்பறைக்குள் வராமல் நேரே அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பாடம் தரும் விளைவுக்கும் பட்டம் தரும் விளைவுக்கும் பொருத்தம் பார்த்து 3, 2, 1 என்று கட்டம் நிரப்புகிறோம். கல்யாணப் பொருத்தமாவது பத்தோடு முடியும். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் மதிப்பீடு வரும் மாதத்தில் துறை முழுக்கக் கட்டம்தான். ‘இந்தப் பாட்டின் மையக்கருத்தை விளக்குக’ என்ற பழைய கேள்விக்குப் பக்கத்தில் கே4 என்று எழுதிவிட்டால் அது பகுத்தாயும் கேள்வி ஆகிவிடுமா? பையன் கைடில் இருந்ததை நினைவுகூர்ந்து எழுதுகிறான். அது கே1. விடைத்தாளைத் திருத்துகிற நமக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பருவத்துக்கு 90 வேலை நாள், 6 நாள் சுற்று. ஆக 15 சுற்று. சுற்றுக்கு 6 மணி நேரம் பகுதி இரண்டு என்று வைத்தால் பருவத்துக்கு 90 மணி. வகுப்பில் 60 பேர். ஆசிரியர் வாயே திறக்காமல் ஒவ்வொருவராகப் பேசவிட்டால் ஒரு மணிக்கு ஆளுக்கு 1 நிமிஷம். நான்கு பருவமும் சேர்த்து 360 நிமிஷம், அதாவது 6 மணி. இரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் வாய் திறக்க நாம் தரக்கூடிய அதிகபட்சம் அது. நிஜத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தருவதில்லை, ஏனென்றால் நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். இருவர் இருவராகப் பிரித்து ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அதே ஒரு மணியில் ஆளுக்கு 30 நிமிஷம். சத்தம் வரும். முதல்வர் வராந்தாவில் நின்று எட்டிப்பார்ப்பார். பார்க்கட்டும்.

அந்த ‘வேலை’ எப்படி இருக்க வேண்டும் என்பதை வெளிநாட்டிலிருந்து கற்க வேண்டியதில்லை. என்.எஸ். பிரபு சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை அவர் நடத்திய சோதனைக்குப் பெங்களூர்த் திட்டம் என்று பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் சென்னையிலும் கடலூரிலும் உள்ள பள்ளிகளும் அதில் உண்டு. இலக்கணப் பாடம் கிடையாது, மனப்பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் இவற்றைக் கொடுத்து, யோசித்தால் மட்டுமே விடை கிடைக்கிற கணக்கு ஒன்றைப் போடுவார். இந்த ரயிலைத் தவறவிட்டால் கூட்டத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்கிற மாதிரி. பிள்ளைகள் விடையைத் துரத்திக்கொண்டு ஓடும்போது மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. பலன் எவ்வளவு என்பதில் அன்றைக்கே வாதம் நடந்தது. நான் அவரிடம் மதிப்பது வேறு ஒன்றை. 1990-ல், எல்லாருக்கும் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது, ஆசிரியருக்குத் தன் வகுப்பில் எது உயிரோடு இருக்கிறது என்கிற உணர்வே முக்கியம் என்று அவரே எழுதினார். தன் முறையைக் கொண்டாடப் போதுமான புகழ் இருந்தும் அதைச் செய்யாதவர்.

இன்னொருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா. போர்க்காலத்தில், முதலாண்டுக் கலைப்பிரிவு மாணவர்கள் 22 பேருக்குக் கட்டாய ஆங்கிலம். பாடநூல் அமெரிக்கப் பின்னணியில் எழுதியது. கொஞ்ச நாளில் வருகை சரிந்தது. பிள்ளைகள் அந்தப் புத்தகங்களின் ஓரத்தில் கிறுக்கியிருந்ததை அவர் சேகரித்துப் படித்தார்: தமிழ் வரிகள், படங்கள், காதல் குறிப்புகள், போராட்டத்தைப் பற்றிய வாசகங்கள். பாடத்தின் நடுவில் அமெரிக்கா, ஓரத்தில் யாழ்ப்பாணம். ஆனால் அவரையே திகைக்கவைத்தது என்னவென்றால், அந்தப் பிள்ளைகள் உரையாடல் வகுப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. இலக்கணம் கொடுங்கள், குறிப்புக் கொடுங்கள், தேர்வு வருகிறது என்றுதான் கேட்டார்கள். அவர் இதை எழுதி 1993-ல் வெளியிட்ட கட்டுரையைப் புதிய பாடத்திட்டத்தை வரைகிறவர்கள் மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் பிள்ளை படிப்பான். அவன் முட்டாள் இல்லை.

நம் ஓரங்களில் என்ன இருக்கிறது? சுருளிப்பட்டியைச் சுற்றி விளைகிற பன்னீர் திராட்சைக்கு 2023-ல் கம்பம் என்ற பெயரோடு புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான விண்ணப்பமும் ஆவணமும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இந்த மண், இந்தக் கொடி, இந்த அறுவடை பற்றிய ஆங்கிலம். அதை ஒரு வகுப்பிலும் நாம் படித்ததில்லை. போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது, திரையில் ஓடுவது ஆங்கிலமும் எண்களும். பூச்சிமருந்து டப்பாவோடு மடித்து வைத்திருக்கும் சீட்டு இருக்கிறதே, தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். அந்த ஒரு வரியைப் படித்து, வீட்டில் அப்பாவுக்குத் தமிழில் சொல்லி, ‘ஏன் காத்திருக்க வேண்டும்’ என்ற அவர் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால், அங்கே கே1 முதல் கே5 வரை முடிந்தது. தமிழில் சொல்வதா, அது ஆங்கில வகுப்பா என்று நம்மில் சிலர் கேட்பார்கள். ஆங்கிலத்தில் இருப்பதை உள்வாங்கித் தமிழில் பிசகாமல் சொல்வதுதான் இந்த ஊரில் ஆங்கிலம் தெரிந்தவரிடம் எல்லாரும் எதிர்பார்க்கிற வேலை. அதற்கு நாம் ஒரு மதிப்பெண்கூட வைத்ததில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆக இவர் கவிதையைத் தூக்கச் சொல்கிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். திறன் என்ற பேரில் கிராமத்துப் பிள்ளைக்கு வணக்கம் சொல்லவும் விண்ணப்பம் எழுதவும் மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, கதையும் கவிதையும் நகரத்துக் கல்லூரிக்குப் போதும் என்று விடுவது அநியாயம். சார் ஒரு கவிதையை ஆறு வகுப்பு எடுப்பார். ஆனால் நோட்ஸ் கொடுக்க மாட்டார். ‘இவன் ஏன் இந்த இடத்தில் கோபப்படுகிறான், நீயாக இருந்தால் என்ன செய்வாய்’ என்று கேட்டுவிட்டு, எங்களில் ஒருவன் தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். பார்த்தால் கூச்சப்படுவோம் என்று. கே4 என்ற குறி அவருக்குத் தெரியாது.

இன்று அந்த இடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்கள். இரண்டு துறையைச் சேர்த்து ஒரே அறையில் உட்கார வைத்த வகுப்பு, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற கவலை. இவர்களிடம் போய் உங்கள் வகுப்பு ஏன் உயிரோடு இல்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திட்டம் வகுக்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஜீப் பையனின் கதை பாதியில் நிற்கிறது. குமுளியில் பார்த்து ஓராண்டு இருக்கும், என் வீட்டுக்கு வந்தான். கையில் ஜீப் கடன் பத்திரம். பக்கம் பக்கமாக ஆங்கிலம், பொடி எழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் அவன் கையெழுத்து. தவணை தவறினால் அபராத வட்டி எப்படி ஏறும், வண்டியை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. ‘படிச்சியாப்பா?’ என்றேன். ‘படிக்கத் தெரியல சார், பேசத்தான் தெரியும்’ என்றான். அன்று எனக்கு இரண்டாவது முறை உறைத்தது. அவன் பேச்சை என் தேர்வு கண்டுகொள்ளவில்லை. அவனுக்கு வேண்டியிருந்த படிப்பை என் வகுப்பு கொடுக்கவில்லை. பேசினால் போதும் என்று இப்போது எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்கிறார்களே, அவர்களுக்காகவும்தான் இதைச் சொல்கிறேன்.

அதனால் என்னோடு வேலை செய்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அகமதிப்பீட்டு மதிப்பெண் நம் கையில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு 5 நிமிஷம். ஒரு தாளைக் கொடுங்கள்: மருந்துச் சீட்டோ, வங்கிப் படிவமோ, கதையில் ஒரு பக்கமோ. படித்து, உங்கள் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும், பிறகு அதன் சாரத்தைத் தமிழில் சொல்லட்டும். 60 பேருக்கு 300 நிமிஷம், 5 மணி. 90 மணியில் 5 மணி. இதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

சாரின் குடும்பத்தாரிடமும் ஒரு விண்ணப்பம். இந்த அறக்கட்டளையின் பரிசு இதுவரை பகுதி இரண்டில் முதல் மதிப்பெண் வாங்குகிறவருக்குப் போகிறது. அடுத்த ஆண்டு முதல் அதை இந்த ஊர்ச் சபையில் வைத்துக் கொடுங்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து தமக்குப் புரியாத ஓர் ஆங்கிலக் காகிதத்தைக் கொண்டுவரட்டும். அதைப் படித்து அவருக்கு விளங்க வைக்கிற பிள்ளைக்குப் பரிசு. விளங்கியதா இல்லையா என்று காகிதம் கொண்டுவந்தவரே சொல்லட்டும். முதலாண்டுப் பரிசுத் தொகையோடு என் பங்காக 5,000 ரூபாயை இன்று மேடையிலேயே கொடுத்துவிடுகிறேன்.