செக்கப்புக்குக் கணவரும் வரட்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடும்பத்தோடு வந்து பழைய கதை பேசிச் சிரிக்கிற நாளில் இப்படி ஒரு தலைப்பா என்று செயலாளர் கொஞ்சம் தயங்கினார். "மேடம், கர்ப்பிணிகள் ஆரோக்கியம்னு பொதுவா போட்டுக்கலாமே" என்றார். போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் நான் பேச வந்தது, கர்ப்பமாக இருக்கும் மனைவி மேல் கணவன் கை நீட்டுவதைப் பற்றி. அது நடக்கும் முன்பே தடுக்க அந்த இரண்டு பேருக்கும் என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்பதைப் பற்றி. சமூகப்பணி படித்துவிட்டு தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்து மகப்பேறு மருத்துவமனைகளில் பல வருடம் ஆலோசகராக இருந்தவள் என்ற முறையில் பேசுகிறேன்.

"புள்ளத்தாச்சிப் பொண்ணை யாராவது அடிப்பாங்களா?" இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. பீச் – தாம்பரம் மின்சார ரயிலில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். ஊரெல்லாம் அவளிடம் மரியாதையாகத்தான் இருக்கிறது. நாம் பேச வேண்டியது, அவள் இறங்கி நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு நடப்பதை.

1990களின் கடைசியில் நம் நாட்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னை, வேலூர், திருவனந்தபுரம், டெல்லி, லக்னோ, போபால், நாக்பூர் என்று 7 இடங்களில் கிட்டத்தட்ட 10,000 தாய்மார்களை வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். கர்ப்ப காலத்து வன்முறை பற்றிய பகுதி 2004ல் ஒரு மகப்பேறு மருத்துவ இதழில் வெளியானது. 100க்கு 18 பேர் ஏதாவது ஒரு கர்ப்பத்தின்போது கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். குடிசைப் பகுதிகளில் மட்டும் கேட்ட கணக்கு இல்லை இது. கிராமம், குடிசைப் பகுதி, நகரத்தின் மற்றப் பகுதிகள் மூன்றிலும் கேட்டார்கள். கணவனின் குடி, வரதட்சணைத் தொல்லை, மனைவி மேல் சந்தேகம் – இவை இருந்த வீடுகளில் அடியும் அதிகம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கை வைக்கிறேன். 2019–21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், கர்ப்ப காலத்தில் அடி வாங்கியதாகச் சொன்ன பெண்கள் இந்திய அளவில் 100க்கு 3 பேர்தான். 18 எங்கே, 3 எங்கே? இருபது வருடத்தில் ஓரளவு குறைந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பெரிய வித்தியாசம் கேள்வியில் இருக்கிறது. முதல் ஆய்வில் அறைந்தாரா, அடித்தாரா, உதைத்தாரா, ஆயுதத்தால் தாக்கினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மற்றதில் எல்லாவற்றையும் அடக்கி ஒரே கேள்வி.

இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். "வீட்டுக்காரர் அடிப்பாரா?" என்று கேட்டால் "சேச்சே, அதெல்லாம் இல்லக்கா" என்றுதான் பதில் வரும். "கோபம் வந்தா என்ன செய்வார்?" என்று கேட்டால், "தட்டைத் தூக்கி வீசுவார்." "உங்க மேல கை பட்டிருக்கா?" "ஒரு தடவை கன்னத்துல... அது நான் எதிர்த்துப் பேசினதுக்கு." அறை என்பது அவள் கணக்கில் அடியே இல்லை. தமிழ்நாட்டில் மனைவியை அடிப்பதற்கு ஏதோ ஒரு காரணத்தை நியாயம் என்று சொல்லும் பெண்களே பாதிக்கு மேல் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. வாழ்நாளில் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் நம் மாநிலத்தில் 100க்கு 38 பேர்; இந்திய சராசரி 29. படிப்பில் முன்னணி, மருத்துவத்தில் முன்னணி என்று பெருமைப்படுகிற மாநிலம் இது.

வயிற்றில் பட்ட ஒரு உதையில் நஞ்சுக்கொடி பிரிந்துவிடலாம். தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை எல்லாம் இதோடு சேர்ந்து வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத சேதமும் உண்டு. அடிபடுகிற பெண் செக்கப்புக்குத் தாமதமாக வருகிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை, பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் விழுகிறாள்.

சரி, கணவன்மார்களுக்கு எங்கே சொல்லிக்கொடுப்பது? நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். மனைவி உள்ளே வரிசையில் நிற்பாள். கணவன் வேலைக்குப் போயிருப்பான், அல்லது வாசல் டீக்கடையில் நிற்பான். உள்ளே அவனுக்கு நாற்காலி கிடையாது. பிரசவ அறையில் கூட இருக்க ஒரு பெண் துணையை அனுமதிக்கும் நல்ல ஏற்பாடு நம் அரசு மருத்துவமனைகளில் உண்டு. அங்கும் அவனுக்கு இடமில்லை. வளைகாப்பிலோ கேட்கவே வேண்டாம், புகைப்படத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள். பத்து மாதமும் இது பெண்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, அவனுக்குப் பொறுப்பு வரவில்லையே என்று குறைப்படுகிறோம்.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் இதை மாற்றிப் பார்த்தார்கள். பன்டேபெரேஹோ என்று பெயர். முன்மாதிரி என்று பொருள். குழந்தை பிறக்கப்போகிற, கைக்குழந்தை உள்ள தகப்பன்மார்களைக் குழுவாகச் சேர்த்து, சில வகுப்புகளுக்கு மனைவியையும் அழைத்து, பிள்ளை வளர்ப்பு, வீட்டு வேலை, பணம், கோபம் பற்றி வாராவாரம் பேசினார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, வகுப்புக்கு வந்தவர்களின் மனைவிமாரையும் வராதவர்களின் மனைவிமாரையும் கேட்டார்கள். வந்தவர்கள் வீட்டில் அடி கணிசமாகக் குறைந்திருந்தது. 2018ல் வெளியான முடிவு இது. ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது.

பதினைந்து வாரம் வகுப்பு என்றால் நம்ம ஆட்கள் வர மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். மெப்ஸில் ஷிப்ட், சோழிங்கநல்லூரில் நைட் ட்யூட்டி. நாங்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். முதல் நாள் உடம்பைப் பற்றி. மசக்கை என்றால் என்ன, ஏன் எப்போதும் தூக்கம், ஏன் எரிச்சல், தாம்பத்தியத்துக்கு அவள் வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம். "அவ வேணும்னே என்னைத் தள்ளி வைக்கிறா" என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்று மனைவியைக் குத்திக்காட்டுகிறவர்களுக்கு, பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணுதான் என்று படம் போட்டுக் காட்டுவோம். அறை நிசப்தமாகிவிடும்!

இரண்டாம் நாள் பணம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் பெட்டகம் போக ரொக்கம் 14,000, தாயின் கணக்குக்கு வருகிறது. அந்த ஏ.டி.எம். கார்டு யார் பையில் இருக்கிறது என்று கேட்டாலே பாதிக் குடும்பக் கதை வெளியே வந்துவிடும். மூன்றாம் நாள் கோபம். "குடிச்சா நான் மனுஷனே இல்ல மேடம்" என்று ஒருவர் சொன்னார். "குடிச்சிட்டு எப்பவாவது மேஸ்திரியை அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். யாரை அடிக்கக் கூடாது என்பது போதையிலும் தெரிகிறது. ஆகவே கை ஓங்கும் முன் வெளியே போய் நடந்துவிட்டு வருவது போன்ற சின்னப் பழக்கங்களையும் கற்றுக்கொள்ளலாம்.

இனி நான் சொல்வதை சமூகப்பணி மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சேர்த்து உட்கார வைப்பது சொல்லிக்கொடுப்பதற்கு மட்டும். கேட்பது தனியாக. கணவனை, மாமியாரை, ஏன், அவள் சொந்த அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுகூட "வீட்டில் பிரச்னையா" என்று கேட்கக் கூடாது. அவள் உண்மையைச் சொன்னால் அன்று இரவு அதற்கும் சேர்த்து வாங்குவாள். எடை பார்க்க, ஸ்கேன் எடுக்க அவளைத் தனியாகக் கூப்பிடும் நேரம் ஒன்று இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். "இங்க வர்ற எல்லா அம்மாகிட்டயும் கேக்குறோம்" என்று தொடங்குங்கள். அவள் சொன்னதைத் தாய் சேய் அட்டையில் எழுதாதீர்கள். அது வீட்டுக்குப் போகிற அட்டை. உதவி எண் உள்ள தாளை வாசலில் ஒட்டுவதைவிடப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

அடி நடந்துகொண்டிருக்கும் வீட்டில், இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சமாதானம் பேசுவது நம் ஊர்ப் பழக்கம். பெரியவர்களும் செய்கிறார்கள், சில காவல் நிலையங்களிலும் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. 2006 அக்டோபர் 26ல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டப்படி அவள் வீட்டை விட்டுப் போகவும் வேண்டாம், விவாகரத்தும் கேட்க வேண்டாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாக நீதிபதியிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். கணவனோடு சேர்ந்து குடியிருந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்க உரிமை கேட்கலாம் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வன்சொல், பணத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் வன்முறைதான். 181 என்ற எண் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை. போனில் அந்த எண்ணை "காஸ் புக்கிங்" என்று போட்டு வைத்திருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

இங்கே நர்சிங் ஹோம் நடத்துகிற முன்னாள் மாணவர்கள் நாலைந்து பேராவது உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. கர்ப்பிணிகளைப் பார்க்கிற அறைக்கு வெளியே ஆண்களுக்கும் சேர்த்து நாற்காலி போடுங்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒரு ஹால் கொடுங்கள், பரிசோதனையில் ஐந்து நிமிடம் மனைவி மட்டும் என்று ஒரு விதி வையுங்கள். பாடம் நடத்த மாணவர்களோடு நான் வருகிறேன். தேதி வைக்க விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.