எது நமக்கு ஒத்துவரும்?



பக்கத்து வீட்டுக்காரி போட்டுக்கிட்டான்னு நாமும் அதையே போட்டுக்கக் கூடாது. எனக்கு ரத்தம் கம்மி. காப்பர்-டி போட்டால் மாதவிடாயில் ரத்தப்போக்கு கூடலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க. அதனால சாயா மாத்திரை எடுத்தேன். முதல் 3 மாதம் வாரத்துக்கு 2, அப்புறம் வாரத்துக்கு 1. நாள் மறக்கக் கூடாது.

மறதி உள்ளவங்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை அந்தரா ஊசி இருக்கு. ஆனா சாமை அறுப்பு நேரத்திலும் ஜமுனாமரத்தூர் போய்வர முடியணும். நிறுத்தின பிறகு கரு தரிக்கப் பல மாதம் ஆகலாம்.

இனி குழந்தையே வேண்டாம்னா ஆபரேஷன். ஆம்பளைங்களுக்குச் செய்யறது நம்மளோடதைவிட எளிது. வீட்டுக்காரர்கிட்ட கூச்சப்படாம பேசுங்க.

நர்ஸம்மாகிட்ட எல்லாத்தையும் கேட்போம், முடிவை நாமே எடுப்போம்.