சம்பளப் பட்டியலும் ஒரு ஜோடிக் கண்ணும்

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, நள்ளிரவில் டிவி ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு லிவர்பூலுக்கும் ஆர்சனலுக்கும் கண்விழிக்கும் தம்பி தங்கைகளே, மறுநாள் காலையில் அவர்களை எழுப்பப் போராடும் தாய்மார்களே!

கால்பந்து மேனேஜரின் வெற்றிக்குக் காரணம் பணமா, பயிற்சித் திறமையா என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். பட்டிமன்றமாக இருந்தால் வசதி. பக்கத்துக்கு மூன்று பேர் பேசுவார்கள், நடுவர் கடைசியில் இரண்டும் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார், எல்லோரும் சமாதானமாக வீட்டுக்குப் போகலாம். இன்றைக்கு நான் ஒருவன்தான். அதனால் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன். எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் பணத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். சைமன் கூப்பர் ஒரு பத்திரிகையாளர். ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கி ஒரு பொருளாதாரப் பேராசிரியர். இருவரும் சேர்ந்து 2009-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். 1978 முதல் 1997 வரை 40 இங்கிலாந்து கிளப்புகளின் வரவுசெலவுக் கணக்கை எடுத்து, லீக் பட்டியலில் அந்தக் கிளப்புகள் பிடித்த இடத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள். வீரர்களை விலைக்கு வாங்கச் செலவழித்த தொகை, அந்த இடங்களின் ஏற்றத்தாழ்வில் வெறும் 16 சதவீதத்தைத்தான் விளக்கியது. வீரர்களுக்குக் கொடுத்த சம்பளம் 92 சதவீதத்தை விளக்கியது. அப்படியானால் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிறாரே ஒரு மனிதர், அவருக்கு மிச்சம் இருப்பது எட்டு. அந்த எட்டிலும் காயம், நடுவரின் விசில், கோல்கம்பம் எல்லாம் பங்கு கேட்டு வந்து நிற்கும்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கால்பந்து வீரன் மூடிய அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்பவன் அல்ல. வாராவாரம் நாற்பதாயிரம் பேர் முன்னால் தன் வேலையைக் காட்டுகிறவன். அவன் எவ்வளவு தேறுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு அதற்கேற்ற சம்பளம் கேட்பான், கொடுக்கிற கிளப்புக்குப் போவான். நல்ல வீரர்கள் எங்கே சேர்கிறார்களோ அங்கே வெற்றியும் போய்ச் சேர்கிறது. 2008-ல் அபுதாபியின் ஷேக் மன்சூர் மான்செஸ்டர் சிட்டியை வாங்கினார். அந்தப் பணத்தில் 2012-ல் மேனேஜர் மான்சினி லீக்கை வென்றார். 2014-ல் பெல்லக்ரினி வென்றார். அப்புறம்தான் குவார்டியோலா வந்தார். மூன்று பேர், மூன்று விதமான ஆட்டம், பின்னால் இருந்தது ஒரே பணப்பெட்டி. ஆனால் ஒரே பருவத்தில் 100 புள்ளி எடுத்தது குவார்டியோலா ஒருவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இங்கே முன்வரிசையில் நீலச் சட்டை போட்டிருக்கும் தம்பி என்னை மேடையை விட்டு இறங்கவிட மாட்டார்.

அந்த 92 இருபது ஆண்டுச் சராசரி என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு பருவத்தை மட்டும் எடுத்தால் இந்தப் பிடி தளர்ந்துவிடும். போதாததற்கு, ஜெயிக்கிற கிளப்புக்கு வருமானம் கூடும், வருமானம் கூடினால் சம்பளம் கூடும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது லேசான காரியமல்ல. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. யாருக்கு அந்தச் சம்பளத்தைக் கொடுப்பது என்று யார் முடிவு செய்தார்கள்? இங்கேதான் நான் பிரையன் கிளஃபைக் கூப்பிடப் போகிறேன்.

அவருடைய காலத்து இங்கிலாந்தில் மேனேஜர் என்றால் வீரர்களை ஓடவிட்டுப் பழக்குபவர் மட்டுமல்ல. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை எந்த இடத்தில் ஆடவிடுவது, எல்லாம் அவர் கையில். கிளஃப் 1967-ல் இரண்டாம் பிரிவில் கிடந்த டெர்பி கவுண்ட்டிக்குப் போனார். ஐந்தே ஆண்டில், 1972-ல், அது இங்கிலாந்தின் சாம்பியன். ஆகா, திறமைதான் என்று கைதட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். 1973-ல் டெர்பி நிர்வாகத்தோடு மோதிக்கொண்டு வெளியேறி, மூன்றாம் பிரிவில் இருந்த பிரைட்டனுக்குப் போனார். அங்கே சொந்த மைதானத்தில், சம்பளம் வாங்காத அமெச்சூர் அணி ஒன்றிடம் எஃப்.ஏ. கோப்பையில் 4-0 என்று தோற்றார். அதே கிளஃப்தான்! 1974-ல் லீட்ஸ் யுனைடெட். அப்போதைய நடப்பு சாம்பியன், நாட்டிலேயே தேர்ந்த வீரர்கள் நிறைந்த அணி. 44 நாளில் அனுப்பிவிட்டார்கள். ஆடிய ஆறு லீக் ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில் வெற்றி. வீரர்கள் முதல்தரம், மேனேஜரும் முதல்தரம். ஆனால் வீரர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை, அவருக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

பிறகு 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். மறுபடியும் இரண்டாம் பிரிவு. 1976-ல் அவருடைய பழைய கூட்டாளி பீட்டர் டெய்லர் வந்து சேர்ந்துகொண்டார். 1977-ல் முதல் பிரிவுக்கு ஏறினார்கள். ஏறிய அடுத்த ஆண்டே சாம்பியன். 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை.

1979 மே 30, மியூனிக் நகரம். ஸ்வீடனின் மால்மோவை எதிர்த்து ஃபாரஸ்ட் இறக்கிய அணியைக் கொஞ்சம் பாருங்கள். இடது பின்கள ஆட்டக்காரர் ஃபிராங்க் கிளார்க், நியூகாசில் வேண்டாம் என்று விட்டபோது இலவசமாக வந்தவர். முன்களத்தில் காரி பர்ட்டில்ஸ், லாங் ஈட்டன் என்ற உள்ளூர் கிளப்பிலிருந்து 2,000 பவுண்டுக்கு வந்தவர், அதற்கு முன் வீடுகளுக்குத் தரைவிரிப்புப் போடுகிற வேலை. நடுப் பின்களத்தில் கென்னி பர்ன்ஸ், முரடன், சூதாடி என்று பேர் வாங்கியவர், அதுவரை கோல் அடிக்கும் இடத்தில் ஆடியவர். அவரைப் பின்னால் இழுத்து நிறுத்தினார்கள், 1978-ல் இங்கிலாந்தின் சிறந்த கால்பந்து வீரர் விருது அவருக்குத்தான் போனது. இடது ஓரத்தில் ஜான் ராபர்ட்சன், கிளஃப் வந்தபோது உடல் பெருத்துப்போய், கிளப்பே விற்றுவிடத் தயாராக இருந்த பையன். இவர்களுக்கு நடுவே டிரெவர் ஃபிரான்சிஸ், பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோன முதல் பிரிட்டிஷ் வீரர், வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பின்னால் கோல்கீப்பர் ஷில்டன், சுமார் இரண்டரை லட்சம்.

ஆட்டத்தின் ஒரே கோல் எப்படி விழுந்தது? யாருக்கும் வேண்டாத ராபர்ட்சன் இடது ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டார், பத்து லட்சத்துக்காரர் தலையால் முட்டினார். இதில் பணம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று தராசில் பிரித்துக் காட்டுபவர் யாராவது இருந்தால் மேடைக்கு வரலாம்.

இப்போது என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மேனேஜரின் திறமை என்று நாம் பேசுவதில் பெரும்பங்கு பயிற்சி அல்ல, பார்வை. மாட்டுச் சந்தையில் பல்லையும் சுழியையும் ஒரு நொடி பார்த்துவிட்டு, மற்றவர்கள் ஒதுக்கிவிட்ட கன்றின் கயிற்றைப் பிடிக்கிற ஆள் ஒருவர் இருப்பாரே, அந்தப் பார்வை. ஃபாரஸ்டில் அந்தக் கண் பெருமளவு பீட்டர் டெய்லருடையது. லீட்ஸுக்கு டெய்லர் போகவில்லை, பிரைட்டனிலேயே இருந்துவிட்டார். 1982-ல் அவர் விலகிய பிறகு கிளஃப் லீக் கோப்பை வென்றார், லீக்கை வெல்லவில்லை. சிலைகளும் புத்தகங்களும் பெரும்பாலும் கிளஃப் பேரைத்தான் முதலில் சொல்கின்றன.

இந்தக் கண் கெட்டுப்போனால் எவ்வளவு பணம் இருந்தும் என்ன ஆகும்? மான்செஸ்டர் யுனைடெட்டைப் பாருங்கள். 2012-ல் பால் போக்பா என்ற பத்தொன்பது வயதுப் பையனை யுவென்டஸ் கிளப்புக்கு ஏறக்குறைய சும்மா விட்டுவிட்டார்கள். விட்டது சாட்சாத் அலெக்ஸ் ஃபெர்குசன், 13 முறை லீக்கை வென்றவர். 2016-ல் அதே பையனை உலகிலேயே அதுவரை யாரும் கொடுக்காத விலைக்கு, 8 கோடியே 90 லட்சம் பவுண்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். ஃபெர்குசன் 2013-ல் ஓய்வு பெற்றார். 2025 கோடை வரை கணக்குப் பார்த்தால், அதன்பின் மேனேஜர் மாறி மேனேஜர் வந்தும், நூறு கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தும், ஒரு லீக் பட்டம் கிடையாது. 2024-25 பருவத்தில் பதினைந்தாம் இடம்.

பிளாக்பர்ன் ரோவர்ஸ் கதையும் அப்படித்தான். எஃகு வியாபாரி ஜாக் வாக்கர் பணத்தைக் கொட்டினார், கென்னி டால்கிளிஷ் 1995-ல் லீக்கை வென்று கொடுத்தார். பணத்தால் வாங்கிய பட்டம் என்றார்கள். ஆனால் பட்டம் வென்ற கையோடு டால்கிளிஷ் மேனேஜர் பதவியை விட்டு நிர்வாகத்துக்கு ஏறிக்கொண்டார். வாக்கரின் பணம் அப்படியே இருந்தது, ஆலன் ஷியரர் அப்படியே இருந்து கோலாக அடித்துத் தள்ளினார், அணி ஏழாம் இடத்தில் போய் நின்றது. 2010-ல் அந்தக் கிளப்பை வாங்கியது நம் நாட்டுக் கோழி நிறுவனம், புனேயின் வெங்கீஸ். வாங்கிய அடுத்த மாதமே அனுபவஸ்தரான சாம் அலர்டைஸை நீக்கினார்கள். 2012-ல் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

லெஸ்டரைச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். 2016-ல் 5000-க்கு 1 என்று பந்தயக் கடைகள் விலை போட்டிருந்த அணி லீக்கை வென்றது. ஜேமி வார்டி லீக்குக்கு வெளியே இருந்த கிளப்பிலிருந்து பத்து லட்சம் பவுண்டுக்கு வந்தவர். மஹ்ரெஸ் பிரான்ஸின் இரண்டாம் பிரிவிலிருந்து அதில் பாதிக்கும் குறைவான விலைக்கு வந்தவர். கண்டுபிடித்தது கிளப்பின் தேர்வாளர்கள். இவர்கள் இருவரும் வந்தபோது மேனேஜர் ரானியேரி அங்கே இல்லவே இல்லை. மாலையெல்லாம் ரானியேரி கழுத்தில் விழுந்தது. ஒன்பதே மாதத்தில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள், அவரிடம் உதவியாளராக இருந்த ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று, அதே வீரர்களை வைத்து முதல் ஐந்து லீக் ஆட்டத்தையும் வென்றார். ஆமாம், அவர் பேரே ஷேக்ஸ்பியர்தான்.

ஆனால் கண்டெடுத்த மாணிக்கம் கையில் எத்தனை நாள் தங்கும்? லெஸ்டரின் நடுக்களத்தில் பம்பரமாகச் சுழன்ற எங்கோலோ கான்டேயைச் செல்சி தூக்கிக்கொண்டு போனது. 2017-ல் செல்சி சாம்பியன், லெஸ்டர் பன்னிரண்டாம் இடம். செல்சியின் மேனேஜர் அன்டோனியோ கோன்டே மேதை என்று பத்திரிகைகள் எழுதின. கோன்டேயால் ஜெயித்தார்களா, கான்டேயால் ஜெயித்தார்களா? பார்வை முதலில் ஓடும், பணம் பின்னாலேயே வந்து பிடித்துவிடும். இருபது ஆண்டுச் சராசரியில் சம்பளம் ஜெயிப்பதன் சூட்சுமம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கிளஃபுக்கும் இதுதான் நடந்தது. 1990-ல் அயர்லாந்தின் கோவ் ராம்ப்ளர்ஸ் என்ற சின்னக் கிளப்பிலிருந்து 47,000 பவுண்டுக்கு ஒரு பையனை ஃபாரஸ்டுக்குக் கொண்டுவந்தார். பேர் ராய் கீன். பார்வை அப்போதும் மங்கவில்லை. ஆனால் 1992-ல் டெஸ் வாக்கரும் டெடி ஷெரிங்காமும் பணக்காரக் கிளப்புகளுக்குப் போய்விட, 1993-ல் ஃபாரஸ்ட் பிரீமியர் லீக்கின் கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது. கிளஃப் ஓய்வு பெற்றார். அந்தக் கோடையில் கீனை 37.5 லட்சம் பவுண்டுக்கு, பிரிட்டனில் அதுவரை இல்லாத விலைக்கு, மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிக்கொண்டது. அங்கே அவர் ஏழு லீக் பட்டம் வென்றார். ஏழும் ஃபெர்குசன் பேரில் பதிவாகியிருக்கின்றன. அதில் எத்தனையை 47,000 பவுண்டுக்கு எழுதுவது, எத்தனையை 37.5 லட்சத்துக்கு எழுதுவது என்று தலைவர் அவர்கள் தம் முடிவுரையில் சொல்லட்டும்.