செத்தவன் கேட்ட வரம்

(தீபாவளியை முன்வைத்துக் குற்றாலத்தில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'தீமையை நன்மை வென்ற திருநாள்' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. துண்டறிக்கையில் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்காங்க. அந்தக் கேள்விக்குறிக்காகத்தான் நான் பேச ஒத்துக்கிட்டேன். தீபாவளி வருது. நம்ம தெருப் பிள்ளைக புதுச்சட்டை கேக்குது, வெடி கேக்குது. கடன உடன வாங்கியாவது வாங்கிக் கொடுத்திருதோம். ஆனா 'எதுக்குப்பா தீபாவளி?'ன்னு பிள்ளை கேட்டா என்ன பதில் சொல்லுதோம்? பள்ளிக்கூடத்துப் பாடத்துல இருக்கிறதையே திருப்பிச் சொல்லுதோம். அதைச் சொல்லலாமா, கூடாதா, வேற என்ன சொல்லலாம் என்பதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

கதை எல்லாருக்கும் தெரியும். பன்றி அவதாரம் எடுத்த திருமாலுக்கும் பூமாதேவிக்கும் பிறந்தவன் நரகாசுரன். பிராக்ஜோதிஷபுரத்தை ஆண்டவன், அது இன்றைய அசாம் பக்கம் என்கிறார்கள். அவன் கொடுமை பொறுக்காமல் கிருஷ்ணனும் சத்தியபாமாவும் போய் அவனை வதம் செய்தார்கள். சாகும்போது அவன் ஒரு வரம் கேட்டானாம். நான் செத்த நாளை எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, மகிழ்ச்சியாகக் கொண்டாட வேண்டும் என்று.

இந்த வரத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வெட்டுப்பட்டுக் கிடக்கிற எவனாவது 'என்னைக் கொன்னுட்டீக, ரொம்பச் சந்தோசம், வருசா வருசம் பலகாரம் சுட்டுத் தின்னுங்க'ன்னு கேப்பானா? ஒருத்தனைக் கொன்னவனே அந்த நாளைக் கொண்டாடினா ஊரு நாலு கேள்வி கேக்கும். செத்தவனே கேட்டுக்கிட்டான்னு எழுதிப்புட்டா எவன் கேப்பான்? பார்ப்பனியத்தின் மிகப் பெரிய சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. தோற்கடிக்கப்பட்டவனின் வாயிலிருந்தே சம்மதத்தை வாங்கிவிட்டதாக அது கதை கட்டுகிறது. இது புராணத்தோடு முடிஞ்சு போகல. தனிக் குவளை ஏன்னு டீக்கடைக்காரனைக் கேட்டுப் பாருங்க: 'அவுகளாவே அதை எடுத்துக் குடிச்சிட்டுப் போவாக, நாங்க ஒண்ணும் சொல்லுறதில்ல' என்பான். கோயிலுக்குள்ள ஏன் விடலன்னு கேட்டா, 'அவுகளே வரமாட்டாக, அது காலங்காலமா உள்ள வழக்கம்' என்பான். செத்தவன் கேட்ட வரம் இப்படித்தான் இன்றும் நம் பெயரில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

தீபாவளி முடிஞ்ச ஆறாம் நாள் சூரசம்ஹாரம். திருச்செந்தூர்ல கடற்கரை கொள்ளாத கூட்டம் நிக்கும். இந்தப் பக்கத்து ஊர்க்கோயில்களிலும் நடக்கும். எங்க ஊர்ல நடந்ததைச் சொல்லுதேன். சாமி சப்பரத்தைத் தூக்குறது அவுக ஆளுக. சூரன் பொம்மையைத் தூக்க மட்டும் எங்க தெருவுக்கு ஆள் வரும். எங்க அய்யா பறை அடிப்பார், எங்க சித்தப்பா சூரனைத் தூக்குவார். சூரன் நாலு தெருவும் ஓடணும், பின்னால சாமி வெரட்டணும். தலை விழுந்ததும் சனங்க கையெடுத்துக் கும்பிடும். தலையில்லாத பொம்மையைத் தோள்ல வச்சுக்கிட்டு எங்க சித்தப்பா பின்பாதை வழியா வீட்டுக்கு வருவார். கூலி ஒரு படி நெல்லும் ஒரு தேங்காய் மூடியும். எனக்குப் பத்து வயசிருக்கும்போது 'சித்தப்பா, ஒரு வருசமாவது நாம சாமியைத் தூக்கக் கூடாதா?'ன்னு கேட்டேன். 'ஏல, சும்மா கெட'ன்னார். அவர் கோவத்துல சொல்லல, பயத்துல சொன்னார்.

சூரன் கதையின் முடிவையும் பாருங்க. மாமரமாய் நின்னவனை வேல் இரண்டாகப் பிளக்குது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். மயில் வாகனமாச்சு, சேவல் கொடிக்குப் போச்சு. இதைக் கருணை என்கிறார்கள். தோத்தவனுக்குக் கிடைச்ச மோட்சம் என்னன்னா, ஜெயிச்சவனைக் காலத்துக்கும் சுமக்கிறது. எங்க சித்தப்பாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. ஆனா சுமக்கிறது யார்ங்கிறது அவர் தோளுக்குத் தெரியும்.

இந்தக் குற்றாலத்துக் கதைக்கு வருவோம். இங்க இருக்கிற குற்றாலநாதர் கோயில் முன்னால பெருமாள் கோயிலா இருந்துச்சாம். அகத்தியர் வந்து திருமாலின் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்று தலபுராணம் சொல்லுது. சைவத்துக்கும் வைணவத்துக்கும் நடந்த சண்டையின் நினைவு இதில் இருக்கலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. தலை விழவில்லை, ரத்தம் சிந்தவில்லை. கை பட்டது, உருவம் மாறியது, அவ்வளவுதான். அதே அகத்தியர் வாதாபி என்ற அசுரனிடம் என்ன செய்தார்? விருந்தில் அவனைத் தின்று, வயிற்றுக்குள்ளேயே செரித்துவிட்டார். மேலே உள்ளவர்களுக்குள் சண்டை வந்தால் அது உருமாற்றம். வெளியே நிறுத்தப்பட்டவனோடு சண்டை வந்தால் அது சம்ஹாரம். முனிவர் ஒருவர்தான், நியாயம் மட்டும் இரண்டு.

இந்த மலைக்கு அந்தப் பக்கம் போங்க. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினா கேரளம். அங்க ஓணம். மாவேலி என்கிற அசுர ராஜா வருசத்துக்கு ஒரு நாள் தன் சனங்களைப் பார்க்க வருவதாகக் கோலம் போட்டு, சோறு பொங்கி வரவேற்கிறார்கள். பக்கத்துல இருக்கிற செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தான். ஒரே மலை. அந்தச் சரிவில் அசுரன் வருவது பண்டிகை, இந்தச் சரிவில் அசுரன் சாவது பண்டிகை. அசுரன் என்றாலே தீமை என்றால் மலையாளிகள் எதைக் கொண்டாடுகிறார்கள்? மராட்டியத்தில் மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ல் எழுதிய 'குலாம்கிரி'யில் இதே பலியைத்தான் உழைக்கும் மக்களின் ராஜாவாக எடுத்துக் காட்டினார்.

ஜார்க்கண்டில் அசுர் என்ற பெயரிலேயே பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அரசாங்கத்தின் பழங்குடிப் பட்டியலில் உள்ள பெயர் அது. இரும்பை உருக்கி எடுப்பதில் கைதேர்ந்தவர்கள். நாடே துர்க்கா பூசை கொண்டாடும்போது, அவர்களில் பலர் மகிஷாசுரனைத் தங்கள் மூதாதை என்று சொல்லித் துக்கம் காக்கிறார்கள். நமக்குக் கதையில் வரும் அசுரன், அங்கே ரேசன் கார்டு வைத்திருக்கிற மனுசன்.

இந்த இடத்தில் ஒரு தோழர் எழுந்து, 'அப்படியானா நரகாசுரன் நம்ம பாட்டன், தீபாவளி நமக்குத் துக்கநாள்னு அறிவிச்சிரலாமே' என்று கேட்கலாம். பெரியார் தீபாவளியைக் கொண்டாடாதே என்றார். அசுரர் என்பவர் திராவிடரே என்றார். மானமுள்ள பேச்சு அது. அந்தக் கலகம் இல்லாமல் நாம் இன்று இங்கே உட்கார்ந்து பேச முடியாது. ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கதையைத் தலைகீழாகத் திருப்பினால், வில்லன் நாயகனாவான். கதையின் சட்டகம் அப்படியே இருக்கும். நரகாசுரனும் ராஜா, மாவேலியும் ராஜா. ராஜாக்களுக்காக அழுவதற்கு நமக்கு நேரமில்லை. கதையில் ராஜாவின் பேர் இருக்கிறது, சண்டையில் செத்த சேவகனுக்குப் பேர் இல்லை. நாம் அந்தப் பேர் இல்லாதவனின் வாரிசுகள். யார் அசுரன் என்பதைவிட, ஒருவனை அசுரனாக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் நம்முடைய கேள்வி.

அந்த அதிகாரம் இன்றும் வேலை செய்கிறது. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தபோது, கூலி கேட்டவர்கள்தான் கலகக்காரர்கள் என்று சொல்லப்பட்டார்கள். 2018 மே 28-ல் கச்சநத்தத்தில் நம்மவர் மூவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கோயிலருகே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் திமிராகப் பார்க்கப்பட்டது. இதோ பக்கத்தில் இருக்கிற மீனாட்சிபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981 பிப்ரவரி 19-ல் சுமார் 180 குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். அதுவரை அந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத தலைவர்கள் எல்லாம் டெல்லியிலிருந்து வந்தார்கள். தங்களைத் தீண்டாதே என்று சொன்னவனை விட்டு விலகியது தீமை ஆயிற்று. தீண்டாமை தீமை ஆகவில்லை. பணத்துக்குப் போனார்கள் என்றார்கள். மானத்துக்கும் ஒரு விலை உண்டு என்று அவர்களுக்குத் தெரியாது.

பின்னே பண்டிகையே வேண்டாமா? வேண்டும். உழைக்கிறவனுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும், கறி வேண்டும், பிள்ளைகளுக்குப் புதுத்துணி வேண்டும். ஆனால் ஒரு கொலை இல்லாமல் பண்டிகை இருக்க முடியாதா?

இங்கேதான் நம் அயோத்திதாசப் பண்டிதர் வருகிறார். 1907-ல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழில் தீபாவளிக்கு வேறொரு விளக்கம் எழுதினார். பௌத்த சங்கத்தார் எள்ளிலிருந்து நெய்யெடுக்கும் வகையைக் கண்டார்கள். அது உடம்புக்கு நல்லது என்று சோதித்து அறிந்தார்கள். அதைத் தேய்த்துத் தீபவதி என்னும் ஆற்றில் தலைமுழுகிய நாளே பின்னால் தீபாவளி ஆயிற்று என்பது அவர் சொன்னதன் சாரம். அவருடைய எழுத்துக்களை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. நம்ம பக்கத்துல இருந்து வெளிவந்த புஸ்தகம், நம்ம கையில இருக்கணும்.

இதற்குக் கல்வெட்டு இருக்கா, ஆதாரம் இருக்கா என்று கேட்பார்கள். நரகாசுரனுக்கு எந்தக் கல்வெட்டு இருக்கிறது? சங்கப் பாட்டில் கார்த்திகை விளக்கு உண்டு, தீபாவளி இல்லை. தீபாவளி தமிழரின் பழைய திருவிழா அல்ல என்று பாளையங்கோட்டை தொ. பரமசிவனும் எழுதியிருக்கிறார். சமணர்களுக்கு அது மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள்; வடக்கே ராமன் ஊர் திரும்பிய நாள்; வங்காளத்தில் காளி பூசை. ஒரே அமாவாசையை ஒட்டி இத்தனை அர்த்தம் இருக்க, பண்டிதர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த நாளிலிருந்து கொலையை எடுத்துவிட்டு, ஒரு கண்டுபிடிப்பை அங்கே வைத்தார். எண்ணெய் அப்படியே இருக்கிறது, குளியல் அப்படியே இருக்கிறது, விளக்கு அப்படியே இருக்கிறது. பிணத்தை மட்டும் காணோம். எண்ணெய்க் குளியலுக்குப் பேர்போன இந்த ஊரில் இதைச் சொல்வது பொருத்தம்தான்.

பாபாசாகேப் அம்பேத்கரும் இதைத்தான் செய்தார். 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். அன்று விஜயதசமி. நாடு முழுக்க ராவணன் பொம்மையைக் கொளுத்துகிற நாள். அந்த நாளை அவர் அசோக விஜயதசமியாக எடுத்துக்கொண்டார். கலிங்கத்தில் ஜெயித்த பிறகு, இனிப் போர் வேண்டாம் என்று தம்மத்தின் பக்கம் வந்தவன் அசோகன். புத்தர் கதையிலும் கொடியவன் உண்டு. விரல்களை வெட்டி மாலை போட்டுத் திரிந்த அங்குலிமாலனைப் புத்தர் கொல்லவில்லை. அவனோடு பேசினார். அவன் பிக்குவானான். நன்மை தீமையை வென்ற கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

கடைசியாக, பேசிட்டுக் கலைஞ்சு போகக் கூடாதுங்கிறதுக்காகச் சில காரியங்கள். ஒண்ணு, சூரனைத் தூக்குறதுக்கும் பறை அடிக்கிறதுக்கும் தெருவுக்கு ஆள் வந்தா, 'சாமிச் சப்பரத்துல எங்க தோளுக்கு இடம் எங்க?'ன்னு கேளுங்க. இடம் இல்லன்னா, தோளும் இல்ல. ரெண்டு, தீபாவளி இனாமுக்கு யார் வீட்டுப் பின்வாசலிலும் நிக்காதீங்க. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துற நம்ம தாய்மார்களுக்குப் போனஸ் உரிமையா வரணும். அதைச் சங்கமாச் சேர்ந்து கேளுங்க. மூணு, வெடிக்குக் கடன் வாங்காதீங்க. அந்த வெடியைச் செய்யிற கையும் நம்ம மாதிரி ஏழைபாழைக கைதான். சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ல் ஒரே பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களுக்கு எந்த வரமும் யாரும் கேட்கவில்லை.

நாலாவது, அன்னைக்கு ராத்திரி தெருவுல ஒரு விளக்கை ஏத்தி வச்சுப் பிள்ளைகளை உக்கார வச்சுப் பேசுங்க. அயோத்திதாசரைச் சொல்லுங்க, அங்குலிமாலனைச் சொல்லுங்க, மீனாட்சிபுரத்தைச் சொல்லுங்க. சூரனைத் தூக்கின உங்க தாத்தனையும் சொல்லுங்க. எண்ணெய் தேயுங்க, குளிங்க, கறி சமைங்க, நல்லா சாப்பிடுங்க. யாரையும் கொன்ன நாளா மட்டும் அதைக் கொண்டாடாதீங்க.

ஜெய்பீம்.