மனு எழுதும் உத்தியோகம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இங்கிலாந்தில் உனக்கு என்னடா வேலை?" என்று காலையில் ஹாஸ்டல் நண்பன் கேட்டான். ஒரு கவுன்சிலில் முதியோர் கல்விப் பிரிவு. முதியோர் என்றால் கிழவர்கள் இல்லை. 19 வயது தாண்டிய எல்லோரும்தான்! பாதி நாள் பாடம் நடத்துவதில்லை, பணம் கேட்டு மனு எழுதுகிறேன்.

2021-ல் பிரிட்டிஷ் அரசு 22 கோடி பவுண்டில் 'சமுதாயப் புதுப்பிப்பு நிதி' என்று ஒன்றை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் நிற்கவிருந்த உதவிக்கு மாற்றாக ஒரு முன்னோட்டம். தொழில் பயிற்சியும் அதில் அடக்கம். ஊருக்கு ஊர் போட்டி போட்டு மனுச் செய்யணும். ஜூன் 18 கடைசி நாள். ஜூலையில் முடிவு சொல்வதாகத் திட்டம். வந்ததோ நவம்பர் 3! மார்ச்சுக்குள் செலவழிக்க வேண்டும் என்பது முதலில் போட்ட விதி. பிறகு கெடுவை நீட்டினார்கள். 477 திட்டங்களுக்குப் பணம் கிடைத்தது. எழுதத் தெரிந்த ஆள் இருக்கிற கவுன்சிலுக்குத்தான் இதில் வசதி என்பது என் எண்ணம்.

இந்தத் தாமதம் யாரைச் சுடுகிறது? வேறொரு சமயம், எங்கள் கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஓர் அம்மா பெயர் கொடுத்தார். ராத்திரியில் ஆபீஸ் கூட்டும் வேலை. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறேன் என்றார். பணம் வந்து வகுப்பு திறக்க ஐந்து மாதம். போன் செய்தேன். ஷிஃப்ட் மாறிப்போச்சாம், இனி முடியாதாம்.

அவர் பெயரை நான் இன்னும் அடிக்கவில்லை. அடுத்த மனுவைப் பாதி எழுதி வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.