பெட்டியா? பொருளா?

எதிரணி அம்மா ஒரே போடாகப் போட்டார்: “கார் கம்பெனி பெட்டியில் வராத உதிரிபாகம் எல்லாம் டூப்ளிகேட்!” நீங்களும் கைதட்டினீங்க.

கார் கம்பெனி எல்லாப் பாகத்தையும் தானே செய்கிறதா? இல்லீங்க! சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா இருக்கு, லூகாஸ் டி.வி.எஸ். இருக்கு. கார் கம்பெனிக்கும் கொடுக்கிறாங்க. சொந்தப் பெயரில் கடைக்கும் அனுப்புறாங்க. சமையல்காரர் ஒருத்தர்தான், பெரிய ஓட்டலில் ஒரு விலை, அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு விலை! (கைதட்டல்)

ஆனால் ஐயா, மூன்றாவதாக ஒருத்தன் இருக்கான். போலி! அவனும் அசல் போலப் பெட்டியில்தான் வருவான். நானே ஏமாந்தேன். பிரேக் பேட் கேட்டேன். “கம்பெனி மாதிரியேதான் சார்” என்றார் கடைக்காரர். ‘மாதிரி’ என்றால் ‘அது இல்லை’ என்று அர்த்தம். தமிழ் வாத்தியார் எனக்கே உறைக்கலை! (சிரிப்பு)

கொடைக்கானல் இறக்கத்தில் பேட் சூடேறிப் பிடிமானம் போச்சு. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குறாங்க. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். என் மனைவி ஒரு வார்த்தை பேசலை. 25 வருஷத்தில் அதுதான் முதல் தடவை! (சிரிப்பு) சிரிக்கிறீங்க. அந்த மௌனம் எனக்கு இன்னும் கேட்குது ஐயா.

வைப்பர், ஃபில்டர் என்றால் பெயருள்ள வெளித் தயாரிப்பே போதும். ஏர்பேக் என்றால் கம்பெனி சர்வீஸுக்கே போங்க. பிரேக், ஸ்டியரிங் என்றால் செய்தவர் யார் என்று கேளுங்க; பில் தராத கடையில் வாங்காதீங்க.

‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார் வள்ளுவர். பெட்டியைப் பார்த்துத் தெளியச் சொல்லலை. ஆராய்ந்து தெளியச் சொன்னார்.