கண்முன் தோன்றும் பாடம்

(செனாய் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு செல்லும் இரயில் பாதை 1909ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. இந்நாட்டின் இரயில் பாதைகளை அமைப்பதிலும் பேணுவதிலும் நம் முன்னோர் வியர்வை சிந்தினர். ஜல்லியை இறுக்குவதையும் கட்டையை மாற்றுவதையும் மூத்தவர் செய்ய, இளையவர் பார்த்துக் கற்றனர். பால்வெட்டும் கத்தியைப் பிடிக்க நாம் கற்றதும் அவ்வாறே அன்றோ?

இன்று அப்பாதை இரட்டைத் தண்டவாளமாகி, மின்மயமாகிவிட்டது. 2025 டிசம்பரில் மின்சார விரைவு இரயில் ஜொகூர் பாரு வரை ஓடத் தொடங்கியது. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதைத் தொட வேண்டுவதில்லை. மிக நெருங்கினாலே உயிர் போகக்கூடும். பால்வெட்டில் கை தவறினால் மரப்பட்டை கெடும்; இங்கே கை தவறினால் மனிதன் மாள்வான். புதியவர் பழகுவதற்காக ஓடும் இரயில்களை நிறுத்தி வைக்கவும் இயலாது.

இவ்விடரைக் குறைக்க வல்ல பயிற்சி முறையே 'மிகைமெய்' என்பது. விமானங்களில் மின்கம்பிகளை இணைக்கும் தொழிலாளர்க்கு உதவும் பொருட்டு, போயிங் நிறுவனத்தைச் சேர்ந்த டாம் காடெல் என்பார் 1990ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் இதற்குப் பெயரிட்டார். பயில்பவர் தனிவகைக் கண்ணாடியை அணிகிறார். அல்லது கைக்கணினியைப் பொருளின் முன் பிடிக்கிறார். எதிரே உள்ள பொருள் மறைவதில்லை. அதன் மீதே படமும் எழுத்தும் தோன்றுகின்றன.

சான்றாக, தண்டவாளத்தை ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் பொறியைக் கொள்வோம். மூடியைத் திறக்குமுன் மின்சாரம் துண்டிக்கப்பட்டதா எனப் பார்க்குமாறு எழுத்து எச்சரிக்கும். எந்த மரையை முதலில் கழற்றுவது என்பதை அம்புக்குறி காட்டும். உள்ளே மறைந்துள்ள உறுப்புகள் படமாய்த் தெரியும். இல்லாத பழுதை இருப்பதுபோல் காட்டி, அதைக் கண்டுபிடிக்கவும் செய்யலாம். பயிற்சிக் கூடத்தில் பயில்பவர் தவறினாலும் எவருக்கும் தீங்கில்லை. திரும்பச் செய்து திருத்திக் கொள்ளலாம்.

ஆயினும், கண்ணாடி காட்டுமேயன்றிக் கைக்குத் திறம் ஊட்டாது. மரை போதிய அளவு இறுகிற்றா என்பதைக் கையே உணர வேண்டும். ஆதலால், அனுபவம் மிக்க தொழிலாளியே என்றும் ஆசானாவார்.

பெற்றோர்களே! நம் வட்டாரத்தில் பல தோட்டங்கள் தொழிற்சாலைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. கத்தி ஒன்றையே நம்பி அடுத்த தலைமுறை வாழ இயலாது. பள்ளிப் படிப்பு இடையில் நின்ற பிள்ளைகளும் மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக உயரலாம். அவர்களை வீட்டில் முடங்க விடாதீர்கள். பயிற்சி நிலையங்களுக்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மின்பாதையின் அருகே நீண்ட துரட்டியைத் தூக்கிச் செல்லாதீர்கள். சிறுவர்களைப் பட்டம் விட அனுமதியாதீர்கள். குறுக்கு வழியென்று தண்டவாளத்தைக் கடவாதீர்கள். முன்னோர் உழைத்த பாதையில் நம் பிள்ளைகள் தொழில் வல்லுநராய் நடக்கட்டும்.